நஸீர் நானா கையெழுத்திட்டுத் தந்த படிவம்

என் பிரியமுள்ள நஸீர் நானாவுக்கு,

ஸலாம் நானா. நான் ஸலாம் சொன்னால் நீங்கள் வேண்டுமென்றே "வணக்கம் தம்பி" என்று பதில் தருவீர்கள். பதினாலு வருடமாக இந்தப் பகிடியை நாங்கள் விடவில்லை. வெள்ளவத்தையில் காணி பார்க்கப் போன இடமெல்லாம் வீட்டுக்காரர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். இன்றைக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். பதில் வராமல் இருப்பதற்குப் பழக நாற்பது நாள் போதாது.

முதலில் இங்கத்தைய செய்தி. தெஹிவளைப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இப்போது எல்லோரையும் பஸ்ஸால் இறக்கி நடக்க விடுகிறார்கள். சீமெந்து விலை நீங்கள் இருந்தபோது இருந்ததைவிட ஏறிவிட்டது. கேட்டால் ஒரு நாள் முழுக்கப் புறுபுறுத்திருப்பீர்கள். நாங்கள் விற்ற காணியில் அடுக்குமாடி நாலாம் தட்டுக்கு வந்துவிட்டது. மதினி இத்தாவில் இருக்கிறா, நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களுக்கு முன்னால் வரமாட்டா. அவவின் சுகத்தை உங்கள் மகன் றிஸ்வானிடம்தான் கேட்டு அறிந்துகொண்டேன். சாப்பாடு குறைவாம்.

இந்தக் கடிதத்தைப் பேப்பரின் நினைவஞ்சலிப் பக்கத்தில் போடக் கொடுக்கப்போகிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு படமும் நாலு வரிப் பாட்டும் போடுவதுதான் வழக்கம். எனக்குப் பாட்டு எழுத வராது. ஆனால் "என்ட மறதியால ஒரு மனுஷி போயிட்டா" என்று கடைசி ஒரு வருடமாக நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லி அழுதீர்கள்? கடைக்கு வந்தவர்களிடம், பள்ளிவாசலில், வெள்ளவத்தை ஒழுங்கை முழுக்க. அவர்கள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும். அது உங்கள் மறதி இல்லை நானா. நான் செய்தது.

உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

நான் தவராசா, கொட்டாஞ்சேனையில் வீட்டுப் புரோக்கர். உங்களுக்குத் தெஹிவளையில் ஹாட்வெயார் கடை. வெளிநாட்டுக்குப் பறக்கிற குடும்பங்கள் அவசரத்தில் விற்கும் பழைய வீடுகளை நாங்கள் இருவரும் பாதிப் பாதியாக வாங்கி, கொஞ்சக் காலம் வைத்திருந்து, அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றோம். எங்களுக்குள் ஒரு துண்டுக் கடதாசி ஒப்பந்தம்கூட இருக்கவில்லை. நீங்கள் காலடியால் நடந்தே காணியை அளந்துவிட்டு இத்தனை பேர்ச் என்பீர்கள். நான் நம்பாமல் டேப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு நாளும் ஒரு பேர்ச்சுக்கு மேல் பிழைத்ததில்லை. மனிதர்களை நீங்கள் பார்ப்பது, பத்திரங்களை நான் பார்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எந்த வீட்டை வாங்கினாலும் அதில் குடியிருப்பவர்களின் பெயர்களைப் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டுக்காரர் என்று எப்போதும் உங்கள் பெயரைத்தான் கொடுத்தோம். என் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் குடியிருப்பவனோடு சேர்த்து வீட்டுக்காரனையும் விசாரிப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தோம். உங்களுக்கு அந்த லேசான ஸ்ட்ரோக் வந்த பிறகு, நீங்கள் கையெழுத்து வைத்துத் தர, நான் பொலிஸுக்குக் கொண்டுபோய்ச் சீல் வாங்கிவந்து குடியிருப்பவரிடம் கொடுப்பேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அந்த டொக்டரின் வீட்டை வாங்கினோமே, அதன் பின்பக்கத்து அறையோடு மங்கையற்கரசி அக்காவும் சேர்ந்து எங்களிடம் வந்தா. வடமராட்சியில் தபாலதிபராக இருந்து பென்சன் எடுத்தவ. கனடாவில் இருக்கும் மகள் கூப்பிட்டு, விசாவுக்குக் காத்திருந்தா. தன் பத்திரங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் அடுக்கி வைத்திருப்பா. கோயிலுக்குப் போவதென்றாலும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கைப்பையில் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவா.

முதல் நாள் எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, இனித் தான் அறையை விட்டு எழும்ப வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டா. நீங்கள் கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை. "விசா வரும் மட்டும் இது உங்கட வீடு. நான் வாக்குத் தாரன்" என்றீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேற்றுக்கு வெளியே வந்ததும் உங்களைப் பிடித்துக்கொண்டேன். வாக்குக்குக் கையெழுத்து வைக்க நொத்தாரிசு இல்லை நானா, உறுதிப் பத்திரத்தில் இல்லாததை ஏன் வாயால் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நொத்தாரிசு இல்லாததாலதான் தம்பி, அத நாங்களே காப்பாத்தணும்" என்றீர்கள். பிறகு ஓட்டோவுக்குக் கை காட்டினீர்கள்.

இரண்டு வருடம் போனது. ஒரு கட்டடக் கம்பனி வந்து, நாங்கள் கனவிலும் நினைக்காத விலை சொன்னது. ஒரேயொரு நிபந்தனை: மாத முடிவுக்குள் வீடு வெறுமையாக இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் நான் பிறந்த வீட்டை ஈடு வைத்துத்தான் என் பங்கைப் போட்டிருந்தேன். பாங்கிலிருந்து இரண்டாவது கடிதமும் வந்திருந்தது. உங்களுக்கும் மகளின் கலியாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நீங்கள் அசையவில்லை. அவவுக்கு விசா வந்த பிறகு விற்போம், வாங்க ஆள் இல்லாமல் போகாது என்றீர்கள். நாளைக்கு எங்கேயாவது குண்டு வெடித்தால் ஒரு குருவியும் காணி வாங்க வராது என்றேன் நான். கடையில் வேலைக்கு நின்றவர்கள் கேட்கக் கேட்கச் சத்தம் போட்டேன். நீங்கள் தொழுகைக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனீர்கள். அதன் பிறகு இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. அப்படி முன்பு ஒருபோதும் நடந்ததில்லை.

இதை எழுதும்போதுகூட என் பக்கத்து நியாயம் மெல்லத் தலை தூக்குகிறது நானா. பிள்ளை குட்டிக்காரன், வீடு போய்விடும் என்ற பயம், இப்படி எல்லாம். அதை இங்கே எழுதமாட்டேன்.

மூன்றாம் நாள் நீங்களே என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று வீடுகளின் பதிவையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பெயின்ட் தகரத்தின் மேல் வைத்து மூன்று படிவங்களிலும் கையெழுத்திட்டு, ஒரு கவருக்குள் போட்டு என் கையில் தந்தீர்கள். "மங்கையக்காட போமை முதல்ல குடுங்க தம்பி, அவங்க பயந்தவங்க" என்றும் சொன்னீர்கள்.

நான் மற்ற இரண்டையும் அன்றைக்கே கொடுத்தேன். அக்காவின் படிவத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தோடு அவவுக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். பதிவு இல்லையென்றால் பயம் வரும், பயம் வந்தால் நான் சொல்வதைக் கேட்டு அங்கே போவா, உங்கள் வாக்கும் முறிந்ததாக இராது என்று கணக்குப் போட்டேன். ஒரு கிழமை பயப்படட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. காணி உறுதியில் நாலு தலைமுறைக்கு முந்திய பிழையைக் கண்டுபிடிக்கிற எனக்கு, பொலிஸ் பதிவு இல்லாத ஒரு தமிழ் மனுஷிக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று தெரியாமலா இருந்தது?

அவ மூன்று தரம் கேட்டா. மூன்று தரமும் இன்னும் சீல் குத்தித் தரவில்லை என்றேன். மூன்றாம் தரம் அவவே சிரித்துவிட்டா.

"முப்பது வருசமாய் மற்றாக்களுக்குச் சீல் குத்தினனான் தம்பி. எனக்கு ஒரு சீல் விழ இவ்வளவு நாளோ?"

நானும் கூடச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கொட்டாஞ்சேனை அறையைப் பற்றிச் சொன்னேன். அவ தலையை ஆட்டினா. நானா இருக்கச் சொல்லியிருக்கிறார், அவர் எழும்பச் சொன்னால் அன்றைக்கே எழும்பிவிடுவேன் என்றா. உங்களிடம் வந்து சொல்ல எனக்கு முகம் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, முதல் ரயில் போவதற்கு முன்னால், அந்த ஒழுங்கைக்குள் பொலிஸும் ஆமியும் வந்தார்கள். வீடு வீடாக, லொட்ஜ் லொட்ஜாகத் தட்டினார்கள். பதிவு இல்லாதவர்களைக் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். "உங்களை உங்கள் ஊருக்கே அனுப்புகிறோம்" என்றார்களாம். அக்கா பிஸ்கட் தகரத்தைத் திறந்து அடையாள அட்டை, பாஸ்போர்ட், விசாக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாவாம். அவர்கள் கேட்ட ஒன்று மட்டும் அதில் இல்லை. பக்கத்து வீட்டுக் காவல்காரர்தான் இதை எனக்குச் சொன்னார். எட்டு மணிக்கு நான் போனபோது அறைக் கதவு திறந்திருந்தது. லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

நீங்கள் ஓட்டோவில் வந்து இறங்கினீர்கள். சேர்ட் பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தீர்கள். முற்றத்தில் நின்று என்னைக் கேட்டீர்கள்.

"தம்பி, அந்த போமை நான் உங்கள்ட தந்தனா?"

அந்தக் கவர் அப்போது என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது நானா. ஆனால் அந்த மாதம் நீங்கள் கடைச் சாவியை இரண்டு தரம் தொலைத்திருந்தீர்கள். என்னை ஒரு நாள் உங்கள் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அதையெல்லாம் பகிடியாக்கி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான். என் பகிடிகளைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே உங்கள் மேல் நம்பிக்கை குறைந்திருந்தது.

"இல்லை நானா. மற்ற ரெண்டும்தான் தந்தனீங்கள்" என்றேன்.

நீங்கள் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு இரண்டு நாள் கடையைத் தலைகீழாக்கினீர்கள். லாச்சி, பெட்டி, ஆணிச் சாக்கு, பழைய பில் கட்டு எல்லாவற்றையும் கொட்டித் தேடினீர்கள். நானும் வந்து உங்களோடு தேடினேன் நானா. முழங்காலில் இருந்து அலுமாரிக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நீங்கள் என் தோளில் கை வைத்து, விடுங்க தம்பி, களைச்சிட்டீங்க என்றீர்கள்.

நீதிமன்றம் தலையிட்டதால் ஏற்றிப் போனவர்களில் பல பேரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அக்கா வரவில்லை. அவவுக்குப் பக்கத்தில் இருந்து போன ஒரு டீச்சர் திரும்பி வந்து, அக்கா பஸ்ஸில் சொன்னதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னா. "நானா நேரே சொல்லியிருக்கலாம். நான் அண்டைக்கே போயிருப்பன்."

நீங்கள் பதிவைக் கொடுக்காமல் விட்டது வீட்டைக் காலியாக்கத்தான் என்று அக்கா நம்பிவிட்டா. வாழ்க்கையில் ஒரு வாக்கும் தவறாத மனிதரை, ஒரு நல்ல மனுஷி அப்படி நினைத்துக்கொண்டு போனா. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. பஸ் கொண்டுபோய் இறக்கிய வவுனியாவுக்கு நீங்கள் நோய் உடம்போடு மூன்று தரம் போனீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் அவவை வைத்திருந்ததாகவும், தங்கையிடம் போவதாகச் சொல்லி ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வன்னிக்குள் போனதாகவும் அறிந்து வந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இப்போது அந்தப் பக்கம் குண்டு விழாத நாளே இல்லையாம். றேடியோ கேட்கப் பயமாக இருக்கிறது.

வீடு வெறுமையாகிவிட்டது, கம்பனி கேட்டபடியே. விற்றோம். என் ஈட்டை மீட்டேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பழைய விலாசத்துக்குக் கனடா விசாக் கடிதம் வந்தது. கடைக்குக் கொண்டுவந்து, இங்கிலீஷை வாசித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் நீட்டினீர்கள். வாசித்தேன். கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். வாசித்து முடித்ததும் கல்லாவில் தலையை வைத்து அழுதீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூட எழுத முடியாது. நான் வாயெடுக்கவே இல்லை.

பிறகு நீங்கள் மெல்ல மெல்ல ஒடுங்கிப் போனீர்கள். இரண்டாவது ஸ்ட்ரோக் என்று டொக்டர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள்.

உங்கள் ஜனாஸாவுக்கு வந்தேன் நானா. வாசலில் சனம் நிறைந்து நின்றது. சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், உங்கள் வழக்கப்படி, றிஸ்வான் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். வாப்பாவுக்கு யாரோடும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், வாப்பா யார் மனதையும் நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்டான். பிறகு, வெள்ளவத்தையில் ஒரு அம்மாவிடம் வாப்பா கேட்க நினைத்த மன்னிப்பை நீங்களெல்லாம் துஆவில் கேளுங்கள் என்றான்.

அத்தனை பேரும் கை ஏந்தினார்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் மூன்றாவது வரிசையில் தலை குனிந்து நின்றேன். எல்லோரும் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். துக்கமும்தான். அதை மட்டுமாவது நம்புவீர்களா?

போன கிழமை றிஸ்வான் கொட்டாஞ்சேனைக்கு வந்தான். நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்குச் சாச்சா கட்டாயம் வர வேண்டும் என்று, எப்போதும் போல என்னைச் சித்தப்பா முறை வைத்துச் சொன்னான். பிறகு ஒரு பொதியை மேசையில் வைத்தான். அந்த வீடு விற்றதில் உங்களுக்கு வந்த லாபம் முழுக்க அதில் இருந்தது. ஒரு சதமும் தொடாமல் அக்காவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தீர்களாம். வன்னிப் பாதை திறந்தால் தவராசாதான் தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பான், அவனை நம்பலாம் என்று சொல்லிவிட்டுப் போனீர்களாம்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அலுமாரியைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நான் அதைக் கிழிக்கவுமில்லை, எரிக்கவுமில்லை. ஏனென்று என்னைக் கேட்காதீர்கள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவன் உங்கள் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா இதை மறக்கல்ல" என்றான். ஓம், அவர் மறக்கவில்லை என்றேன் நான்.

"வாப்பா இருந்திருந்தா உங்களை மன்னிச்சிருப்பாரு. எனக்கு ஏலாது."

பொதியைத் திருப்பி எடுத்துப் போவான் என்று நினைத்தேன். அவன் எழும்பி, அதை என் பக்கம் தள்ளினான். அவன் அன்றைக்கு அதற்குப் பிறகு என்னைச் சாச்சா என்று சொல்லவில்லை.

"நீங்களே கொண்டு போய்க் குடுங்க. குடுக்கக்குள்ள இது யார் செஞ்ச வேலைன்னும் சொல்லுங்க. அதுக்குப் பொறவு எங்கட ஊட்டுக்கு வாங்க."

இன்றைக்கு உங்கள் கத்தம். தெஹிவளைக்குப் போகவில்லை. பிரியாணிச் சட்டி இறங்கும் நேரம் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நானா, பாதை திறக்கிற அன்றைக்கு நான் போவேன். முகாம் முகாமாகக் கேட்க வேண்டியிருந்தால் கேட்பேன். மங்கையக்கா உயிரோடு இருந்தால் அவவின் காலடியில் இருந்து, நானா வாக்குத் தவறவில்லை, உங்கள் படிவத்தை முதலில் கொடுக்கச் சொல்லித்தான் தந்தார், நான்தான் ஒளித்தேன் என்று சொல்லுவேன். அவ இல்லையென்றால், கனடாவில் இருக்கும் மகளிடம் சொல்லுவேன். அவ என்னைக் காறித் துப்பினாலும் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழும்புவேன். இது நொத்தாரிசு இல்லாத வாக்குத்தான். நானே காப்பாற்ற வேண்டும்.

அதுவரைக்கும் உங்கள் வீட்டுப் படிக்கு வெளியே நிற்கும்,
நீங்கள் தம்பி என்று நம்பிய
தவராசா
கொட்டாஞ்சேனை